குழாயைத் துளைக்காமல் ஓட்டத்தை அளக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே வந்தால் மாமல்லபுரத்துக்கு முன்பாக நெம்மேலி வரும். மாமல்லபுரத்தைத் தாண்டினால் கல்பாக்கம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் நிலையம் 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது நிலையம் 2024 பிப்ரவரியில் வந்தது. கல்பாக்கத்தில் 1971இல் தொடங்கப்பட்டு இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனம், ஈனுலைகளிலிருந்து வெப்பத்தை எடுக்கும் உருகிய சோடியத்தோடு பல ஆண்டுகளாகப் பழகிவருகிறது. அங்கிருக்கும் ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. அதே வளாகத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையின் உலையகத்தை நிரப்பும் வேலை 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது.

ஓரிடத்தில் உப்புநீர், இன்னோரிடத்தில் திரவ உலோகம். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: குழாய்க்குள் எவ்வளவு ஓடுகிறது? குழாய்க்குள் சக்கரமோ தகடோ வைக்காமல் இதற்கு விடை தருவது மின்காந்தம். சோடியத்துக்கு வேறு வழியும் குறைவு. அது ஒளி ஊடுருவாத உலோகம். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். குழாயில் போடும் ஒவ்வொரு துளையும் ஒரு கசிவுக்கான வாய்ப்பு.

குழாயில் திரவம் மட்டும் ஓடும்வரை வேலை எளிது. காற்று, ஆர்கான், நீராவி, ஹைட்ரஜன் என்று ஏதாவது ஒரு வாயு கலந்துவிட்டால் மீட்டர் காட்டும் எண்ணின் பொருளே மாறிவிடுகிறது. ஐடிஐ, டிப்ளமா முடித்து இந்தக் கரையோர நிலையங்களில் கருவிப் பிரிவில் சேரும் இளைஞர்களுக்கும், ஆய்வுக்காக வரும் மாணவர்களுக்கும் இந்தப் பட்டியல்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது

காந்தப்புலத்தின் குறுக்கே ஒரு மின்கடத்தி நகர்ந்தால் அதில் மின்னழுத்தம் தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த விதி இது. அடுத்த ஆண்டே லண்டன் வாட்டர்லூ பாலத்தில் நின்று, பூமியின் காந்தப்புலத்தையே பயன்படுத்தித் தேம்ஸ் நதியின் ஓட்டத்தை அளக்க முயன்றார். தெளிவான அளவு கிடைக்கவில்லை. ஆனால் வழி சரியானது. இன்றைய மின்காந்தப் பாய்வுமானிகள் (மேக் மீட்டர்கள்) எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

கணக்கு எளியது. காந்தப்புலம், குழாயின் விட்டம், ஓட்டத்தின் வேகம் மூன்றையும் பெருக்கினால் மின்னழுத்தம். 100 மில்லிமீட்டர் குழாய், 0.1 டெஸ்லா புலம், நொடிக்கு 5 மீட்டர் வேகம் என்றால் 50 மில்லிவோல்ட். கவனியுங்கள்: மீட்டர் அளப்பது மில்லிவோல்ட்டை. அதிலிருந்து வேகம் வருகிறது. வேகத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கிய பிறகுதான் ஓட்டம் வருகிறது. குழாய் முழுக்கத் திரவமே நிறைந்திருக்கிறது என்ற அனுமானம் அந்தக் கடைசிப் பெருக்கலில்தான் நுழைகிறது. வாயு கலந்த குழாயில் எவ்வளவு வேகம் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு இடம் திரவத்துக்கு என்பது இன்னொரு கேள்வி. இரண்டு கேள்விகளுக்கு ஒரே எண் விடையாகாது. கீழே உள்ளவை பலவும் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறப்பவை.

செய்ய வேண்டியவை

1. குழாய்க்குள் என்னென்ன வரக்கூடும் என்று முதலில் பட்டியல் போடுங்கள். கடல்நீர்க் குழாயில் காற்று எங்கிருந்து வரும்? பம்பின் உறிஞ்சு பக்கத்தில் ஒரு தளர்ந்த இணைப்பு, நீர்மட்டம் தாழ்ந்த கிணற்றில் உருவாகும் சுழல், காற்று வால்வு இல்லாத மேட்டுப்பகுதி. சோடியத்தில் வாயு எங்கிருந்து வரும்? சோடியத்தின் மேற்பரப்பை மூடியிருக்கும் ஆர்கானைச் சுழல்கள் உள்ளே இழுக்கலாம். சூடான பகுதியில் கரைந்த ஆர்கான், குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் குமிழியாகப் பிரியலாம். நீராவி உற்பத்திக் கலனின் குழாயில் நுண்துளை விழுந்தால் தண்ணீரும் சோடியமும் வினைபுரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் குமிழியின் அளவு வேறு, பரவும் விதம் வேறு. எதை எதிர்பார்க்கிறோம் என்று தெரிந்தால்தான் எந்தக் கருவி அதைக் காணும் என்று முடிவு செய்ய முடியும்.

2. திரவத்தின் மின்கடத்துத்திறனைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள். கடல்நீரின் கடத்துத்திறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமன்ஸ். சாதாரண மேக் மீட்டருக்கு அது தாராளம். சவ்வூடு பரவலில் சுத்தமாகி வரும் குடிநீருக்கும் அதே வகை மீட்டர் போதும். சோடியத்தின் கடத்துத்திறன் கடல்நீரைப் போலப் பத்து லட்சம் மடங்கு. அதற்கு நிலைக்காந்த மீட்டரும், சுழல் மின்னோட்ட மீட்டரும் பொருந்தும். மின்நிலையத்தில் கனிமம் நீக்கிய நீரும் எண்ணெயும் கிட்டத்தட்ட மின்சாரத்தைக் கடத்தாதவை. அங்கே மேக் மீட்டரைப் பொருத்திப் பயனில்லை. எண்ணெய்க்கு மின்தேக்குத்திறனை அளக்கும் முறை, சுத்த நீருக்கு மீயொலி என்று வேறு வழி பாருங்கள்.

3. குழாய் எப்போதும் நிறைந்திருக்கும் இடத்தில் பொருத்துங்கள். செங்குத்தாக மேல்நோக்கி ஓடும் குழாய்தான் சிறந்த இடம். அங்கே குமிழிகள் ஓரிடத்தில் தங்காமல் ஓட்டத்தோடு போய்விடும். படுக்கைக் குழாயில்தான் வைத்தாக வேண்டும் என்றால் இரண்டு மின்முனைகளும் இடவலமாக இருக்கட்டும். மேலும் கீழுமாக இருந்தால் மேல் மின்முனையில் காற்று தங்கும், கீழ் மின்முனையில் வண்டல் படியும். கட்டுப்படுத்தும் வால்வு மீட்டருக்குப் பின்னால் வரட்டும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது நேர்க்குழாய் விடுங்கள்.

4. சோடியம் குழாய்ச் சுவரை முழுதாக நனைக்கும்வரை பொறுத்திருங்கள். நிலைக்காந்த மீட்டரில் மின்முனைகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயின் வெளிச்சுவரில் வெல்டிங் செய்யப்படுகின்றன. சோடியத்தில் தோன்றும் மின்னழுத்தம் சுவரைக் கடந்துதான் மின்முனைக்கு வர வேண்டும். சோடியம் 98 டிகிரியில் உருகிவிட்டாலும் எஃகை உடனே நனைப்பதில்லை. நடுவே ஆக்சைடு படலம் தடையாக நிற்கும். சுமார் 400 டிகிரிக்குச் சூடேற்றிச் சில மணி நேரம் ஓடவிட்ட பிறகே மீட்டரின் எண்ணை நம்பத் தொடங்குங்கள்.

5. சுழல் மின்னோட்ட மீட்டரில் வித்தியாசத்தையும் கூட்டுத்தொகையையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். இந்த மீட்டரில் நடுவே ஒரு முதன்மைச் சுருள், அதன் இருபுறமும் இரண்டு துணைச் சுருள்கள். எல்லாம் மூடிய எஃகுக் கூட்டுக்குள் இருக்கும், சோடியத்தைத் தொடுவதில்லை. ஓடும் சோடியம் காந்தப்புலத்தைத் தன் திசையில் இழுப்பதால் ஒரு துணைச் சுருளில் மின்னழுத்தம் கூடும், மற்றதில் குறையும். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வேகம் கிடைக்கும். வெப்பநிலையின் பாதிப்பும் பெருமளவு குறையும். பலர் அந்த விகிதத்தை மட்டும் சேமித்துவிட்டுக் கூட்டுத்தொகையை விட்டுவிடுகிறார்கள். வாயு வந்தால் திரவத்தின் கடத்துத்திறன் குறையும். அதைச் சொல்வது கூட்டுத்தொகைதான். இரண்டாவது கேள்விக்கான விடை அதே கருவியில் இருக்கும்போது அதை வீணாக்கக்கூடாது.

6. வெப்பநிலையை அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்துகொள்ளுங்கள். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் தந்த சூத்திரத்தின்படி, சிறு குமிழிகளாகப் பரவிய 10 சதவீத வாயு திரவத்தின் கடத்துத்திறனைச் சுமார் 14 சதவீதம் குறைக்கும். 1 சதவீத வாயு குறைப்பது சுமார் 1.5 சதவீதம். 400 டிகிரியை ஒட்டிய சோடியத்தில், வெப்பம் ஏறக்குறைய 7 டிகிரி உயர்ந்தாலும் இதே அளவு குறையும். வெப்பநிலையைத் தெரிந்துகொள்ளாமல் கடத்துத்திறனை மட்டும் பார்ப்பவர், 7 டிகிரி சூட்டை 1 சதவீத வாயு என்று அறிவித்துவிடக்கூடும். அதைவிட மோசம், உண்மையான வாயுவைச் சூடு என்று தள்ளிவிடுவது.

7. உள்ளே எவ்வளவு ஆழம் பார்க்க வேண்டுமோ அதற்கேற்ற அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுங்கள். மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் முழுதாக ஊடுருவுவதில்லை. 400 டிகிரி சோடியத்தில் 400 ஹெர்ட்ஸ் புலம் சுமார் 12 மில்லிமீட்டர் ஆழத்திலேயே பெருமளவு தேய்ந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் என்றால் 24 மில்லிமீட்டர். அதிக அதிர்வெண் சுவரோரத்தைப் பார்க்கும், குறைந்த அதிர்வெண் நடுப்பகுதிவரை போகும். இரண்டு அதிர்வெண்களில் அளந்தால், குமிழிகள் ஓரத்தில் ஒதுங்கியிருக்கின்றனவா, நடுவில் ஓடுகின்றனவா என்று ஓரளவு சொல்லலாம்.

8. இரண்டாவது மீட்டர் ஒன்றைச் சற்றுத் தள்ளி வையுங்கள். குமிழிக் கூட்டம் முதல் மீட்டரைக் கடக்கும்போது ஏற்படும் ஆட்டம் சிறிது நேரம் கழித்து இரண்டாவது மீட்டரிலும் தெரியும். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் அந்த இடைவெளி நேரம் கிடைக்கும். மீட்டர்களுக்கு நடுவே அரை மீட்டர், இடைவெளி 0.1 நொடி என்றால் குமிழிகளின் வேகம் நொடிக்கு 5 மீட்டர். இது திரவத்தின் வேகம் அல்ல, குமிழிகளின் வேகம். நமக்கு வேண்டியதும் இதுவே. திரவத்தின் வேகத்தை மீட்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

9. எர்த்திங்கையும் இணைப்புப் பெட்டியையும் பருவம் தவறாமல் பாருங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நிலையங்கள் இவை. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூக்கும், திருகு இறுகிவிடும், கேபிள் நுழையும் வாயில் ஈரம் கசியும். சமிக்ஞையோ மில்லிவோல்ட் அளவு. ஐப்பசி மழைக்கு முன்பே பெட்டிகளைத் திறந்து காயவைத்து, ரப்பர் வளையங்களை மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் குழாயிலும் ரப்பர் பூச்சுள்ள குழாயிலும் எர்த்திங் வளையம் கட்டாயம். அது இல்லாவிட்டால் திரவத்தின் மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்றே மீட்டருக்குத் தெரியாது.

10. ஓட்டத்தை நிறுத்தி ஜீரோவைச் சரிபாருங்கள். வேறு வேறு உலோகங்கள் சந்திக்கும் இடத்தில் சூட்டினாலேயே சிறு மின்னழுத்தம் பிறக்கும். அதனால் நிலைக்காந்த மீட்டரின் மின்முனைக்கும் அதிலிருந்து வரும் கம்பிக்கும் ஒரே வகை எஃகைப் பயன்படுத்துங்கள். ஓட்டம் நின்ற நிலையில் எத்தனை மைக்ரோவோல்ட் நிற்கிறது என்று வெப்பநிலையோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். ஜீரோ ஊர்ந்தால், மெல்ல ஊரும் ஒவ்வொரு உண்மையான மாற்றத்தையும் அது மறைத்துவிடும்.

செய்யக்கூடாதவை

1. வாயு கலந்த குழாயின் ஒற்றை எண்ணைத் திரவ ஓட்டம் என்று எழுதாதீர்கள். குமிழிகள் சீராகப் பரவியிருந்தால் மேக் மீட்டர் திரவத்தின் வேகத்தைக் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லும். ஆனால் குழாயில் 10 சதவீதம் வாயு இருக்க, முழுப் பரப்பால் பெருக்கினால் திரவ ஓட்டம் 11 சதவீதம் கூடுதலாக வரும். 1 சதவீதக் காற்றுகூடச் சிறிய விஷயம் அல்ல. நாளுக்கு 10 கோடி லிட்டர் அனுப்பும் குழாயில் 1 சதவீதம் என்பது 10 லட்சம் லிட்டர். நகரில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்ற இந்திய அளவுகோலின்படி, ஏழாயிரம் பேருக்கும் மேல் ஒரு நாளைக்குப் போதுமான நீர் அது. கணக்குப் புத்தகத்தில் இருக்கும், குழாயடியில் இருக்காது.

2. தண்ணீரில் சோதித்த மீட்டரைச் சோடியத்துக்கு அப்படியே மாற்றாதீர்கள். நிலைக்காந்த மீட்டரின் எஃகுக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டால் சமிக்ஞை ஏறக்குறையச் சுழியாகிவிடும். தண்ணீரைவிட எஃகு பல லட்சம் மடங்கு நன்றாகக் கடத்துவதால், சுவரே மின்னழுத்தத்தைக் குறுக்குச்சுற்றாக விழுங்கிவிடும். குடிநீர் மீட்டர்களின் உட்புறத்துக்கு ரப்பர் போன்ற கடத்தாப் பூச்சு தருவது இதனால்தான். சோடியத்தில் சுவர் உறிஞ்சுவது ஒரு பகுதி மட்டுமே. அதைத் திருத்தக் காரணி கொண்டு கணக்கிடலாம். காந்தத்தின் இரு முனைகளிலும் புலம் தேய்வதற்கு ஒரு திருத்தம், சூட்டில் காந்தம் தளர்வதற்கு ஒரு திருத்தம் என மேலும் இரண்டு உண்டு. சோடியம் மீட்டரைச் சோடியம் சுற்றிலேயே காலிபரேஷன் செய்யுங்கள்.

3. ஆடும் எண்ணை அமுக்கிச் சாந்தப்படுத்தாதீர்கள். திரையில் எண் துடித்தால் சராசரி எடுக்கும் நேரத்தை நீட்டிவிடுவது எளிய பழக்கம். ஒரு குமிழி கடக்கும்போது சமிக்ஞை துள்ளுகிறது. அந்தத் துள்ளலின் அளவும் அடர்த்தியும் வாயு எவ்வளவு என்று சொல்லும் தகவல்கள். இயக்குநரின் திரைக்குச் சராசரி போகட்டும், தவறில்லை. ஆனால் அமுக்கப்படாத மூலச் சமிக்ஞையைத் தனியாகச் சேமியுங்கள். பிரான்சின் ஃபெனிக்ஸ் ஈனுலை 1989, 1990 ஆண்டுகளில் நான்கு முறை திடீர் வினைத்திறன் வீழ்ச்சியால் தானாக நின்றது. உலையகத்தின் வழியே வாயு கடந்ததா என்பது அப்போது ஆராயப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்துமுடிந்த நிகழ்ச்சியைப் பின்னால் விசாரிக்க, வேகமான மூலப் பதிவுகள் மட்டுமே துணை.

4. வாயுவும் திரவமும் ஒரே வேகத்தில் போவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்நோக்கிய குழாயில் குமிழி திரவத்தை முந்தும். கீழ்நோக்கிய குழாயில் பின்தங்கும். படுக்கைக் குழாயில் வேகம் குறைந்தால் வாயு மேலே, திரவம் கீழே என்று இரண்டாகப் பிரிந்துவிடும். அப்போது சீரான குமிழிகளுக்கு எழுதிய சூத்திரம் எதுவும் செல்லாது. குமிழி ஓட்டமா, கட்டி கட்டியாக வரும் ஓட்டமா, பிரிந்த ஓட்டமா என்று தீர்மானித்த பிறகே சூத்திரத்தை எடுங்கள்.

5. வெப்பநிலையை மறந்து கன அளவை எடையாக மாற்றாதீர்கள். 400 டிகிரியில் ஒரு கன மீட்டர் சோடியம் சுமார் 856 கிலோ. முன்மாதிரி ஈனுலையின் சூடான தொட்டிக்கு வடிவமைத்த 547 டிகிரியில் அது சுமார் 821 கிலோ. வாயு சிறிதும் இல்லாமலே 4 சதவீத வேறுபாடு. உலையிலிருந்து எடுக்கும் வெப்பத்தைத் தீர்மானிப்பது கிலோ கணக்குதான்.

6. நிலைக்காந்தத்தின் அருகே இரும்புச் சாமான்களைக் கொண்டுபோகாதீர்கள். ஸ்பானரோ இரும்புத் தாங்கியோ பக்கத்தில் வந்தால் புலம் வளையும், அளவும் மாறும். தட்டிக் கழற்றுவதும் கீழே போடுவதும் காந்தத்தின் வலுவைக் குறைக்கும். அதிக வெப்பம் தாங்குவதற்காக அல்நிகோ வகைக் காந்தங்களைப் பயன்படுத்துகிறார்கள். அவையும் எதிர்ப்புலத்துக்கும் அதிர்ச்சிக்கும் எளிதில் பணிந்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பெரிய காந்த மீட்டர்களை நெருங்கக்கூடாது.

7. கணினி வரைந்த குறுக்குவெட்டுப் படத்தைப் புகைப்படமாக நினைக்காதீர்கள். குழாயைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி மின்தேக்குத்திறனை அளந்து உட்புறப் படம் உருவாக்கும் முறை ஆய்வகங்களில் பரவியிருக்கிறது. 8 மின்முனைகள் தருவது 28 தனி அளவுகள். 12 மின்முனைகள் தருவது 66. இந்தச் சில பத்து எண்களிலிருந்து ஆயிரக்கணக்கான புள்ளிகளுள்ள படம் வரும்போது, நடுவே இருப்பது கணித ஊகம். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று அறிய அது உதவும். குமிழியின் விளிம்பை அளக்க உதவாது. கடல்நீர் போன்ற நல்ல கடத்திக்கு இந்த மின்தேக்கு முறை பொருந்தவும் பொருந்தாது. திரவ உலோகத்துக்குக் காந்தத் தூண்டல் வழியே உட்புற ஓட்டத்தைக் கணிக்கும் முறையை ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் வளர்த்திருக்கிறார்கள்.

8. சோடியம் பகுதியில் தண்ணீர்ப் பழக்கத்தைக் கொண்டுவராதீர்கள். ஈரத்துணியால் துடைப்பது, தண்ணீர் புட்டியோடு நுழைவது, தீ என்றால் தண்ணீரைத் தேடுவது எல்லாம் அங்கே ஆபத்து. சோடியம் தீக்கு அதற்கென்றே வைத்திருக்கும் உலர்பொடி மட்டும்தான். வெப்பக் காப்பை அனுமதியில்லாமல் பிரிக்காதீர்கள். குழாயைத் துளைக்காத மீட்டர் என்பது குழாயைத் தொட்டாலும் ஒன்றுமில்லை என்று சொல்வது ஆகாது.

9. எண்ணை மட்டும் அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்காதீர்கள். வெப்பநிலை என்ன, ஜீரோ என்ன, கூட்டுச் சமிக்ஞை எப்படி இருந்தது, குழாய் நிறைந்திருப்பதாக எந்த ஆதாரத்தில் நம்பினீர்கள் என்பதையும் பதிவேட்டில் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் சந்தேகப்பட வேண்டிய நாள் வந்தால், அவருக்கு வேண்டியவை அந்த வரிகள்தான். கட்டுப்பாட்டு அறையில் இரவில் அமர்ந்திருப்பவரும் சரி, காலையில் குடத்தோடு குழாயடிக்கு வருபவரும் சரி, குழாய்க்குள் எட்டிப் பார்க்க முடியாது. அவர்களுக்காகப் பார்ப்பவர் நீங்கள். அறிந்தது எது, அனுமானித்தது எது என்று பிரித்து எழுதுவது அவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை.